அழும் குழந்தையைத் தூக்கினால் கெட்டுவிடுமா? வீடு வீடாகச் சென்று விடை கண்ட உளவியலாளர் மேரி ஐன்ஸ்வொர்த்

அழுகின்ற குழந்தையை உடனே தூக்கினால் அது பிடிவாதக் குழந்தையாகிவிடும் என்ற அறிவுரையைக் கேளாத தாய்மார் குறைவு. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவில் இந்த அறிவுரை அறிவியலின் பெயராலேயே வழங்கப்பட்டது. பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உளவியலாளர் ஜான் வாட்சன், குழந்தைகளைக் கட்டியணைப்பதையும் முத்தமிடுவதையும் பெற்றோர் தவிர்க்க வேண்டும் என்று 1928இல் நூலே எழுதினார். பின்னாளில் அதே பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த ஒரு பெண், வீடு வீடாகச் சென்று குழந்தைகளைக் கவனித்து, அந்தக் கருத்தைக் கேள்விக்குள்ளாக்கினார். அவர்தான் மேரி ஐன்ஸ்வொர்த்.

1913ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம் கிளெண்டேல் நகரில் மேரி பிறந்தார். அவருக்கு 4 வயதானபோது குடும்பம் கனடாவின் டொரோன்டோ நகருக்குக் குடிபெயர்ந்தது. 15 வயதில் உளவியலாளர் வில்லியம் மெக்டூகலின் நூலொன்றை வாசித்தார். மனிதரின் நடத்தைக்கான காரணங்களை மனத்தின் உள்ளேயும் தேடலாம் என்ற எண்ணம் அவரை ஈர்த்தது. 16 வயதிலேயே டொரோன்டோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

அங்கு அவருக்கு வழிகாட்டியவர் பேராசிரியர் வில்லியம் பிளாட்ஸ். பெற்றோரிடம் பாதுகாப்பை உணரும் குழந்தையே துணிந்து உலகை அறிய முற்படும் என்பது பிளாட்ஸின் கருத்து. இதையொட்டி ஆய்வு செய்து 1939இல் மேரி முனைவர் பட்டம் பெற்றார். இரண்டாம் உலகப் போரின்போது 1942இல் கனடாவின் மகளிர் படைப்பிரிவில் சேர்ந்து மேஜர் பதவி வரை உயர்ந்தார். போருக்குப் பின் மீண்டும் பல்கலைக்கழகப் பணிக்குத் திரும்பினார்.

லண்டனில் திருப்பம்

1950இல் லெனார்ட் ஐன்ஸ்வொர்த்தை மணந்த மேரி, கணவரின் மேற்படிப்பிற்காக லண்டன் சென்றார். செய்தித்தாளில் வெளியான வேலைவாய்ப்பு விளம்பரம் ஒன்று அவரை டாவிஸ்டாக் மருத்துவ மனையில் மனநல மருத்துவர் ஜான் பௌல்பியிடம் கொண்டு சேர்த்தது. தாயைப் பிரிந்திருக்கும் குழந்தையின் மனநிலையை பௌல்பியின் குழு ஆராய்ந்து வந்தது. அக்காலத்தில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தையைப் பெற்றோர் பார்ப்பதற்கே கடும் கட்டுப்பாடு இருந்தது. அத்தகைய குழந்தைகளின் துயரத்தை நேரில் கண்டு ஜேம்ஸ் ராபர்ட்சன் எழுதிய குறிப்புகள் மேரியை ஆழமாகப் பாதித்தன. தாமும் இவ்வாறே குழந்தைகளை அவர்களது இயல்பான சூழலில் கவனிக்க வேண்டும் என்று அவர் உறுதி பூண்டார்.

ஆயினும் பௌல்பியின் கொள்கையை அவர் அப்போது முழுமையாக ஏற்கவில்லை. பசியைத் தீர்ப்பதால்தான் குழந்தை தாயிடம் அன்பு கொள்கிறது என்ற அன்றைய பொதுக்கருத்தே அவருக்கும் இருந்தது. அதை மாற்றியது உகாண்டா.

கம்பாலா கிராமங்களில்

1954இல் கணவருக்குக் கம்பாலாவில் பணி கிடைத்தது. உடன் சென்ற மேரி, சுற்றுவட்டாரக் கிராமங்களில் 26 குடும்பங்களைத் தேர்ந்து, இரு வாரங்களுக்கு ஒருமுறை அவர்களது வீடுகளுக்குச் சென்றார். மொழிபெயர்ப்பாளரின் துணையோடு தாய்மாருடன் உரையாடினார். குழந்தை தாயை விட்டுத் தவழ்ந்து செல்வதையும், சற்று நேரத்தில் திரும்பி வந்து தாயைத் தொட்டுவிட்டு மீண்டும் விளையாடப் போவதையும் அவர் குறித்துக்கொண்டார். பால் கொடுப்பது மட்டும் இந்தப் பிணைப்புக்குக் காரணமாகாது என்பது அங்கேதான் அவருக்குத் தெளிவானது. தந்தை உள்ளிட்ட பிற உறவினரிடமும் குழந்தைகள் பிணைப்புக் கொள்வதை அவர் பதிவு செய்தார். இந்த ஆய்வு 1967இல் நூலாக வெளிவந்தது.

பால்டிமோர் ஆய்வு

அமெரிக்கா திரும்பி ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியேற்ற மேரிக்கு 1960இல் மணவிலக்கு ஏற்பட்டது. அந்தத் துயரத்திலிருந்து மீண்டு, 1963இல் பால்டிமோரில் மற்றோர் ஆய்வைத் தொடங்கினார். இங்கும் 26 குடும்பங்கள். குழந்தை பிறந்த 3ஆம் வாரம் முதல் 54ஆம் வாரம் வரை, 3 வாரங்களுக்கு ஒருமுறை, ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம் ஆய்வாளர்கள் அவ்வீடுகளில் இருந்தனர். ஒரு குடும்பத்திற்கு ஏறத்தாழ 72 மணி நேரக் கண்காணிப்பு.

முதல் சில மாதங்களில் அழுகைக்கு உடனுக்குடன் செவிசாய்த்த தாய்மாரின் குழந்தைகள், ஓராண்டு நிறைவை நெருங்கும்போது குறைவாகவே அழுதன. அழுகைக்குப் பதிலாகச் சைகையாலும் முகபாவத்தாலும் தம் தேவையைத் தெரிவித்தன. சில்வியா பெல்லுடன் இணைந்து மேரி 1972இல் வெளியிட்ட இந்த முடிவு, தூக்கினால் கெட்டுவிடும் என்ற அறிவுரைக்கு நேர் எதிரானது. நடத்தையியல் ஆய்வாளர்கள் சிலர் இதன் கணக்கீட்டு முறையை மறுத்து எழுதினர். விவாதம் நீண்டது.

20 நிமிடச் சோதனை

உகாண்டாவில் எளிதில் காணக் கிடைத்த நடத்தை அமெரிக்க வீடுகளில் தெளிவாகப் புலப்படவில்லை. தாய் அறைக்குள் வருவதும் போவதும் அக்குழந்தைகளுக்குப் பழகிவிட்டிருந்தது. எனவே அறிமுகமற்ற சூழல் என்ற சோதனையை மேரி வடிவமைத்தார். பொம்மைகள் நிறைந்த புதிய அறைக்குத் தாயும் குழந்தையும் வருவர். அந்நியர் ஒருவர் நுழைவார். தாய் இருமுறை வெளியேறித் திரும்புவார். 8 கட்டங்கள், சுமார் 20 நிமிடம்.

பிரிவைக் காட்டிலும், தாய் திரும்பி வரும் கணமே அதிகம் உணர்த்துவதை அவர் கண்டார். பெரும்பாலான குழந்தைகள் தாயை நாடி ஆறுதல் பெற்று மீண்டும் விளையாடின. சில குழந்தைகள் தாயைக் கண்டும் காணாததுபோல் முகம் திருப்பின. வேறு சில, தாயைப் பற்றிக்கொண்டே அவரைத் தள்ளவும் செய்து, ஆறுதலடையாமல் தவித்தன. முகம் திருப்பும் குழந்தைகள் அமைதியாகத் தோன்றினாலும், அவர்களது இதயத் துடிப்பு உயர்வதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. அவருடைய மாணவி மேரி மெயின் பின்னர் நான்காவது வகையொன்றையும் கண்டறிந்தார்.

20 நிமிடத்தில் ஓர் உறவை அளக்க முடியுமா என்ற விமர்சனம் எழுந்தது. தாயைப் பிரிந்தே பழகாத ஜப்பானியக் குழந்தைகளுக்கு இச்சோதனை மிகக் கடுமையானது என்றும் சுட்டிக்காட்டப்பட்டது. 8 நாடுகளின் 32 ஆய்வுகளை நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1988இல் தொகுத்து நோக்கினர். ஒட்டுமொத்தத்தில் பாதுகாப்பான பிணைப்பே மிகுதியாக இருந்தது. நாடுகளுக்கிடையிலான வேறுபாட்டைவிட ஒரே நாட்டுக்குள் நிலவிய வேறுபாடு அதிகமாக இருந்தது.

1970களின் நடுவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்திற்கு மாறிய மேரி, 1978இல் சக ஆய்வாளர்களுடன் தம் முடிவுகளை நூலாக்கினார். 1984இல் ஓய்வு பெற்றார். 1998இல் அமெரிக்க உளவியல் அறக்கட்டளையின் வாழ்நாள் சாதனைக்கான தங்கப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. 1999 மார்ச் 21 அன்று சார்லட்ஸ்வில் நகரில் 85ஆம் வயதில் காலமானார்.

பிள்ளைப்பேறு வாய்க்காத அவர், பிறர் வீட்டுக் குழந்தைகளைப் பொறுமையோடு பார்த்து அறிந்தது இதுவே: குழந்தை தரும் குறிப்பை உணர்ந்து, தக்க வேளையில் தகுந்தவாறு மறுமொழி தரும் பெரியவர் ஒருவர் இருந்தால், அந்தக் குழந்தை தைரியமாக அவரை விட்டு விலகிச் செல்லவும் கற்றுக்கொள்ளும்.