டிராக்டர்காரர் செஞ்ச ஜிடி கார்

லம்போர்கினின்னா நமக்கெல்லாம் ஹாஸ்டல் சுவர்ல ஒட்டின போஸ்டர்தான் ஞாபகம் வரும். ஆனா அந்தப் பேருக்குச் சொந்தக்காரரான ஃபெருச்சியோ லம்போர்கினி முதலில் விற்றது டிராக்டர்.

1916-ல் வட இத்தாலியின் ரெனாட்சோ கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். வயலைவிட மெஷின் மேலதான் கண்ணு. உலகப் போரின்போது ரோட்ஸ் தீவில் ராணுவ வண்டிகளை ரிப்பேர் பார்த்தார். ஊர் திரும்பியதும், போரில் மிச்சமான எஞ்சின்களை வாங்கி 1948-ல் டிராக்டர் செய்ய ஆரம்பித்தார். பெட்ரோல் விலை அதிகம். அதனால பெட்ரோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் டீசலுக்கு மாற்றும் ஒரு ஏற்பாட்டைப் பொருத்தினார். பணம் கொட்டியது.

கிளட்ச் அடிக்கடி போகுதுன்னு என்ஸோ ஃபெராரியிடம் புகார் சொல்லப்போய், அவமானப்பட்டுத் திரும்பி, சொந்தமா கார் கம்பெனி ஆரம்பிச்சார்ங்கிற கதை எல்லாருக்கும் தெரியும். அதில் எவ்வளவு மசாலா சேர்ந்ததோ! அந்தக் கோபத்தைவிட அவர் கேட்ட கார்தான் எனக்கு முக்கியமாப் படுது. ரேஸ் வேண்டாம், தூரப் பயணத்துக்குச் சத்தமில்லாம, மக்கர் பண்ணாம ஓடுற ஜிடி வேணும்.

1963-ல் சான்ட்'அகாட்டாவில் கம்பெனி. பிட்ஸாரினி கொடுத்த 3.5 லிட்டர் வி12, ரேஸ் எஞ்சின் மாதிரி முறுக்கிக்கொண்டு நின்றது. டூரின் கண்காட்சிக்கு வந்த முதல் காரின் பானெட்டுக்குள் அந்த எஞ்சின் அடங்கவே இல்லை. எடைக்கு ஓடுகளை அடுக்கி, பானெட்டைத் திறக்காமலே சமாளித்தார்கள். நம்ம புராஜெக்ட் எக்ஸ்போ கதைதான்! பிறகு டல்லாரா எஞ்சினைச் சாதுவாக்க, 1964-ல் 350 ஜிடி விற்பனைக்கு வந்தது. 1966-ல் மியூரா. டல்லாராவும் ஸ்டான்ஸானியும் வாலஸும் வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் யோசித்த கார் அது. எஞ்சின் நடுவில், அதுவும் குறுக்காக.

அதே காலத்தில் ஜப்பானில் யமஹாவோட சேர்ந்து டொயோட்டா 2000ஜிடி செய்தது. 2 லிட்டர், 6 சிலிண்டர், 150 குதிரைத்திறன். மொத்தமே சுமார் 350 கார்தான். கலெக்டர்கள் இன்றைக்கு அதற்கும் கோடிகளில் கொடுக்கிறார்கள். 2013 ஏலத்தில் ஒன்று 10 லட்சம் டாலரைத் தாண்டியது. எது உசத்தின்னு அடிச்சுக்கலாம். எனக்குத் தெரியும் வித்தியாசம் வேற. 2000ஜிடி விற்கலைன்னாலும் டொயோட்டாவுக்குச் சோறு போட கரோலா இருந்தது. ஃபெருச்சியோவின் காருக்குச் சோறு போட்டது டிராக்டர்.

அந்த டிராக்டர்தான் கவிழ்ந்தது. பொலிவியாவின் பெரிய ஆர்டர் ரத்தானது. 1972-ல் கார் கம்பெனியின் 51 சதவீதத்தை விற்றார்; டிராக்டர் கம்பெனியும் சாமே நிறுவனத்திடம் போனது. 1974-ல் கார் கம்பெனியின் மீதிப் பங்கும் போச்சு. அப்போ வயசு 58.

திரும்பக் கார் பக்கம் வரவில்லை. உம்ப்ரியாவில், டிராசிமெனோ ஏரிப் பக்கம் நிலத்தில் திராட்சை போட்டார். 1993-ல் இறக்கும்வரை விவசாயிதான். அங்கே செய்த ஒயினுக்கு ஒரு பேர் உண்டு: மியூராவின் ரத்தம்.