விளக்கும் புள்ளிவிவரமும்

புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் என்றதும் விளக்கேந்திய உருவமே என் நினைவுக்கு வரும். புள்ளியியல் பயிலத் தொடங்கிய பின்னரே அவரை வேறோர் உருவில் கண்டேன்.

1820-இல் செல்வக் குடியில் பிறந்தவர். தாயும் தமக்கையும் தடுத்தும் செவிலியர் பணியை ஏற்றார். கிரிமியப் போரின்போது, 1854 நவம்பரில், 38 செவிலியருடன் துருக்கியிலிருந்த ஸ்குட்டாரி இராணுவ மருத்துவமனையை அடைந்தார். உணவு, துணி, ஒழுங்கு யாவற்றையும் சீர்செய்தார். ஆயினும் அக்குளிர்காலத்தில் சாவு பெருகியது. காயத்தால் இறந்தோரைவிட நோயால் மாண்டோரே மிகுதி. 1855 மார்ச்சில் வந்த சுகாதாரக் குழு சாக்கடைகளைத் தூய்மை செய்த பின்னரே சாவு வெகுவாகக் குறைந்தது.

நாடு திரும்பியதும் வில்லியம் ஃபார் என்னும் புள்ளியியல் அறிஞருடன் அமர்ந்து கணக்கிட்டார். உணவுக் குறைவும் களைப்புமே காரணம் என்று நம்பியிருந்தவர், அசுத்தமே காரணம் என எண்கள் காட்டியதும் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். தாம் பணியாற்றிய மருத்துவமனையையும் விட்டுவிடாமல், அச்சாவுகளை மாதவாரியாக வரைபடங்களாக்கி 1858-இல் வெளியிட்டார். நாடே தெய்வமெனப் போற்றிய வேளையில் அதற்கு எத்துணை நெஞ்சுரம் வேண்டும்! செவிலியர் தலைவிக்கு அன்பே முதன்மை என்பர். எனக்கோ இந்த நேர்மையே பெரிதாகப் படுகிறது.

லண்டன் புள்ளியியல் சங்கம் அவரைத் தன் முதல் பெண் உறுப்பினராக ஏற்றது. 1860-இல் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் செவிலியர் பள்ளி எழுந்தது. நெடுங்காலம் நோய்ப்படுக்கையிலிருந்தே எழுதிக் குவித்த அம்மையார், 1910-இல் தம் 90-ஆம் அகவையில் மறைந்தார்.