நிலவொளியில் பழகிய சிப்பாய்



பனிக்கட்டித் தரையில் சறுக்கிக்கொண்டே ஹாக்கி ஆடுவதை டி.வி.யில் பார்த்திருக்கிறீர்களா? அதில் சாதித்தவர்களின் பெயரைப் போற்றி வைக்க, கனடா நாட்டின் டொரண்டோ நகரில் புகழ் மண்டபம் ஒன்று இருக்கிறது. நம் திருநெல்வேலி வெயிலில் பனிக்கட்டிக்கு எங்கே போவது? ஆனால் நமக்கும் ஒரு ஹாக்கி உண்டு. பேட்டையிலிருந்து டவுன் பஸ்ஸில் ஜங்ஷன் போய், மதுரைப் பக்கம் போகும் ரயிலில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் கோவில்பட்டி வந்துவிடும். அந்த ஊருக்குக் கடலைமிட்டாயும் பெருமை, ஹாக்கியும் பெருமை. அங்கே மட்டை பிடிக்கும் எந்தப் பையனையாவது, நம் ஹாக்கியின் புகழ் மண்டபத்தில் முதல் பெயர் யாருடையது என்று கேளுங்கள். தயான் சந்த் என்பான்.

அவர் 1905 ஆகஸ்ட் 29 அன்று அலகாபாத்தில் பிறந்தார். அப்பா ராணுவ வீரர். அடிக்கடி ஊர் மாற்றம் வந்ததால் மகனின் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. பிறகு குடும்பம் ஜான்சியில் தங்கியது. ஆம், ராணி லட்சுமிபாயின் ஜான்சிதான்! சிறுவனுக்குப் பிடித்தது ஹாக்கி அல்ல, மல்யுத்தம்.

1922-ல் ராணுவத்தில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். அங்கேதான் மட்டை கைக்கு வந்தது. பாலே திவாரி என்ற மூத்த வீரர் ஆட்டம் சொல்லிக்கொடுத்தார். பகலெல்லாம் ராணுவ வேலை. விளக்கு போட்ட மைதானம் அந்தக் காலத்தில் ஏது? இரவில் நிலா வரும்வரை காத்திருந்து பயிற்சி செய்வாராம். இந்தியில் 'சந்த்' என்றால் நிலா. தியான் சிங்காக இருந்தவர் தயான் சந்த் ஆனது அப்படித்தான் என்பார்கள்.

1926-ல் ராணுவ அணி நியூசிலாந்து சென்று 21 ஆட்டங்கள் ஆடியது. தோற்றது ஒன்றே ஒன்றில்தான். திரும்பி வந்த சிப்பாய்க்குப் பதவி உயர்வு கிடைத்தது.

அடுத்தது 1928, ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக். இந்தியா 5 ஆட்டங்களில் 29 கோல் போட்டது. அதில் 14 தயான் சந்த் போட்டவை. எதிரணிகள் நமக்குப் போட்டது எத்தனை தெரியுமா? ஒன்றுகூட இல்லை! 1932-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் அமெரிக்காவை 24-1 என்று வென்றோம். அவருடைய தம்பி ரூப் சிங் 10 கோல், அண்ணன் 8 கோல். வீட்டில் தம்பியோடு சண்டை போடுகிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

1936 பெர்லின் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். இப்போது அவர்தான் கேப்டன். போட்டிகள் தொடங்கும் முன் நடந்த பயிற்சி ஆட்டத்தில் ஜெர்மானியர்களிடம் 4-1 என்று தோற்றார்கள். கேப்டனுக்கு அன்று இரவு தூக்கம் வந்திருக்குமா? இறுதி ஆட்டத்திலும் அதே ஜெர்மனி. மழையால் ஆட்டம் ஒரு நாள் தள்ளிப்போய், ஆகஸ்ட் 15 அன்று நடந்தது. நம் நாடு அப்போது வெள்ளையர் ஆட்சியில் இருந்தது. அவர்கள் கொடியின் கீழ்தான் ஆட வேண்டும். மைதானத்துக்குப் போகும் முன், உடை மாற்றும் அறையில் அணியின் துணை மேலாளர் பங்கஜ் குப்தா ஒரு மூவர்ணக் கொடியை எடுத்து விரித்தார். வீரர்கள் அதற்கு வணக்கம் செலுத்திவிட்டு வெளியே போனார்கள். ராணுவத்தில் சம்பளம் வாங்கும் தயான் சந்த் அப்படிச் செய்வது சின்ன விஷயமில்லை.

தரையோ ஈரம். முதல் பாதியில் இந்தியா போட்டது ஒரு கோல்தான். அடுத்த பாதியில் தயான் சந்த் ஆணி வைத்த பூட்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு, ரப்பர் காலணியுடன் ஓடினார். முடிவு 8-1! சரியாக 11 ஆண்டுகள் கழித்து, அதே ஆகஸ்ட் 15-ல், அந்த மூவர்ணம் வெளிப்படையாகவே பறந்தது.

அவர் மட்டையில் காந்தம் இருக்கிறதா என்று உடைத்துப் பார்த்தார்கள், வியன்னாவில் நான்கு கைகளோடு சிலை வைத்தார்கள் என்றெல்லாம் உங்களிடம் யாராவது சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆதாரம் கிடையாது. நிஜமாக நடந்ததே போதாதா?

அவருடைய தன்வரலாறு 1952-ல் நம் சென்னையில்தான் அச்சாகி வந்தது. 1956-ல் மேஜராக ஓய்வு பெற்றார். அதே ஆண்டு பத்மபூஷண் விருது. பிறகு பாட்டியாலாவில் பயிற்சியாளராக இருந்தார். 1975 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக வெற்றி கோலைப் போட்டவர் அவர் மகன் அசோக் குமார். மறு ஆண்டே மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் இந்தியா ஏழாம் இடத்துக்கு இறங்கியது. அங்கே ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைத் தரையில் ஆட்டம் நடந்தது. மண்ணிலும் புல்லிலும் பழகிய நம்மவர்களுக்கு அது புதிது. முதியவர் மனம் உடைந்துபோனார்.

கடைசிக் காலத்தில் அவரிடம் பணமும் இல்லை. புற்றுநோயோடு டெல்லி அரசு மருத்துவமனைக்குப் போனவரை, எல்லாரும் படுக்கும் பொது வார்டில்தான் படுக்க வைத்தார்கள். 1979 டிசம்பர் 3-ல் காலமானார். சின்ன வயதில் ஆடித் திரிந்த ஜான்சி மைதானத்திலேயே அவருடைய உடல் எரியூட்டப்பட்டது.

அதற்குப் பிறகு எல்லாமே வந்தது. 1980-ல் தபால்தலை. (ஸ்டாம்பு சேர்ப்பவர்கள் தேடிப் பாருங்கள்.) 2002-ல் டெல்லி தேசிய மைதானத்துக்கு அவர் பெயர். 2021-ல் நாட்டின் உயர்ந்த விளையாட்டு விருதான கேல் ரத்னாவுக்கும் அவர் பெயர். உங்கள் பள்ளியில் ஆகஸ்ட் 29-ல் விளையாட்டு தினம் கொண்டாடுவது அவர் பிறந்தநாளை வைத்துத்தான். இதில் கால்வாசியை அவர் இருக்கும்போதே செய்திருக்கலாம். எனக்கு அந்த வருத்தம் உண்டு.

அவர் இறந்த எட்டாம் மாதம், மாஸ்கோ ஒலிம்பிக்கில் இந்தியா மறுபடி தங்கம் வென்றது. கேப்டன் யார் தெரியுமா? நம் தமிழ்நாட்டுக்காரர், வாசுதேவன் பாஸ்கரன்.