சேலத்துக் கள்ளுக்கடைகளை மூடிய வக்கீல்

சென்னைத் துறைமுகத்தை ஒட்டி நீண்ட சாலை ஒன்று போகிறது. கோட்டைப் பக்கம் தொடங்கி, கடற்கரை ரயில் நிலையத்தைத் தாண்டி, ராயபுரத்தை நோக்கிப் போகும் சாலை அது. முன்பு வடக்குக் கடற்கரைச் சாலை என்று பெயர். இப்போது ராஜாஜி சாலை.

திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் இருந்து துறைமுக வேலைக்கு வருகிறவர்கள் தினம் இந்தப் பெயரைச் சொல்லுகிறார்கள். ஆனால் அந்த மனிதர் தம் வாழ்நாளில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் எதை எதிர்த்துப் போராடினார் என்று கேட்டால், பலருக்குத் தெரியாது. அவர் வெள்ளைக்காரனை எதிர்த்தது தெரியும். கள்ளை எதிர்த்த கதை அவ்வளவாகத் தெரியாது.

கிராம முனிசீப்பின் மகன்

1878-ம் ஆண்டு டிசம்பர் மாதம், ஓசூருக்குப் பக்கத்தில் உள்ள தொரப்பள்ளி என்ற சிற்றூரில் ராஜகோபாலாச்சாரி பிறந்தார். தகப்பனார் கிராம முனிசீப். பையன் ஓசூரிலும் பெங்களூரிலும் படித்தான். சென்னையில் சட்டம் படித்துத் தேறினான். 1900-ம் ஆண்டில் சேலத்தில் வக்கீல் தொழில் தொடங்கினான்.

தொழிலில் நல்ல பெயர். கை நிறையப் பணம். ஆனால் வீட்டில் துயரம் வந்தது. நாற்பது வயது ஆகுமுன்பே மனைவி அலமேலு மங்கம்மாள் காலமானார். ஐந்து குழந்தைகள். ராஜாஜி மறுமணம் செய்துகொள்ளவில்லை.

காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் வந்தது. ராஜாஜி வக்கீல் தொழிலை உதறினார். வேலூர்ச் சிறைக்குப் போனார். வெளியே வந்தவர் பங்களாவுக்குத் திரும்பவில்லை, குடிசைக்குப் போனார்.

புதுப்பாளையம் குடிசை

1925-ம் ஆண்டு திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையம் என்ற கிராமத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கியது. மழை பொய்த்த வறண்ட பூமி. சனங்களுக்கு வேலை இல்லை. ஆசிரமத்தார் பஞ்சு கொடுத்தார்கள், பெண்கள் நூற்றார்கள், நூலுக்குக் கூலி கொடுத்தார்கள்.

கூலி வந்தது. ஆனால் அது வீட்டுக்குப் போய்ச் சேரவேண்டுமே! நடுவில் கள்ளுக்கடை இருந்தது. பெண் நூற்றுச் சம்பாதித்ததை ஆண் குடித்துத் தீர்த்தால் ராட்டையால் என்ன பிரயோசனம்? கதரும் தீண்டாமை ஒழிப்பும் எவ்வளவு முக்கியமோ, குடியை ஒழிப்பதும் அவ்வளவு முக்கியம் என்று ராஜாஜி முடிவு செய்தார்.

1929-ல் விமோசனம் என்ற மாதப் பத்திரிகையை அவர் தொடங்கினார். மதுவிலக்குக்காகவே ஒரு பத்திரிகை! அவருக்கு உதவி செய்ய ஓர் இளைஞர் இருந்தார். திரு. வி. க.வின் நவசக்தியில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். பிற்காலத்தில் தமிழ்நாடே கொண்டாடிய கல்கிதான் அவர். குடியின் கேட்டைக் கதையாகவும் கட்டுரையாகவும், எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் விளங்கும்படி எழுதினார்கள். 1930-ல் உப்புச் சத்தியாக்கிரகம் வந்தது. ராஜாஜி வேதாரண்யத்துக்கு நடந்தார், சிறைக்குப் போனார். பத்திரிகை நீடிக்கவில்லை.

கால் பங்கு வருமானம்

1937 ஜூலையில் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரி ஆனார். அக்காலத்தில் மாகாண முதல்வரை அப்படித்தான் அழைப்பார்கள்.

சர்க்கார் கஜானாவைத் திறந்து பார்த்தார். மாகாண வருமானத்தில் ஏறக்குறைய கால் பங்கு கள், சாராயக் குத்தகையில் இருந்து வந்தது! பள்ளிக்கூட வாத்தியாருக்குச் சம்பளம், ஆஸ்பத்திரிக்கு மருந்து எல்லாம் அந்தப் பணத்தில்தான். கடையை மூடினால் இவற்றுக்கு எங்கே போவது? அதிகாரிகள் தலையை ஆட்டினார்கள். எத்தனையோ சர்க்கார்கள் இந்தக் கேள்விக்குப் பயந்து பின்வாங்கி இருக்கின்றன.

ராஜாஜி பின்வாங்கவில்லை. மாகாணம் முழுவதும் ஒரே நாளில் மூடவும் இல்லை. முதலில் ஒரு ஜில்லாவை எடுத்துக்கொண்டார். எந்த ஜில்லா? தம் சொந்த ஜில்லாவான சேலம். 1937 அக்டோபர் 1-ந் தேதி சேலம் ஜில்லாவில் கள்ளுக்கடைகளும் சாராயக் கடைகளும் மூடப்பட்டன. அப்போது அங்கே கலெக்டராக இருந்தவர் டிக்ஸன் என்ற ஆங்கிலேயர். வெள்ளைக்கார அதிகாரி என்ன செய்வாரோ என்று நினைத்தார்கள். அவரோ முழு மனத்தோடு வேலை செய்தார்.

கடையை மூடுவது சுலபம். மாலை ஆறு மணிக்குக் கால்கள் பழைய இடத்துக்குத்தானே போகும்? உழைத்துக் களைத்தவனுக்கு உட்கார ஓர் இடம் வேண்டும், பேச நாலு பேர் வேண்டும். அதற்காகவே கிராமங்களில் விளையாட்டு, பஜனை, கூத்து என்று ஏற்பாடு செய்தார்கள். மரம் ஏறிப் பிழைத்தவர்களையும் மறக்கவில்லை. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் சாறு புளிக்காது. கள் ஆகாமல் பதநீராக இறங்கும். அதைக் காய்ச்சி வெல்லம் எடுக்க அனுமதி கொடுத்தார்கள். ஆனாலும் எல்லோருக்கும் அதில் பிழைப்புக் கிடைத்துவிடவில்லை.

குடியில் போன காசு வீட்டுக்கு வந்ததும் என்ன நடந்தது என்று அறிஞர்கள் சேலத்துக்குப் போய்க் கணக்கு எடுத்தார்கள். சாப்பாட்டுக்கும் துணிக்கும் செலவு கூடியிருந்தது, வீட்டுச் சண்டை குறைந்திருந்தது என்று எழுதினார்கள். 1938-ல் சித்தூர், கடப்பை ஜில்லாக்களுக்கும், 1939-ல் வடஆற்காட்டுக்கும் மதுவிலக்குப் பரவியது.

கஜானாவில் விழுந்த ஓட்டையை அடைக்க ராஜாஜி 1939-ல் விற்பனை வரி கொண்டுவந்தார். பொதுவாக எல்லாச் சரக்குக்கும் விற்பனை வரி போட்டது இந்தியாவில் அதுவே முதல் தடவை. வியாபாரிகள் கொதித்தார்கள். இன்று நாம் கடையில் கட்டும் வரிக்கு அந்தக் கள்ளுக்கடைதான் பாட்டி!

ராஜாஜி செய்தது எல்லாம் சரி என்று சொல்ல முடியாது. அதே மந்திரிசபைதான் பள்ளிகளில் கட்டாய இந்தியைக் கொண்டுவந்தது. அதை எதிர்த்துச் சிறை சென்ற நடராசனும் தாளமுத்துவும் 1939-ல் உயிர் இழந்தார்கள். அவர்களுடைய நினைவிடம் வடசென்னையில், மூலக்கொத்தளத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்து மக்கள் அதை மறக்கவில்லை. மறக்கவும் கூடாது.

சட்டம் எட்டாத இடம்

1939-ல் மந்திரிசபை ராஜினாமா செய்தது. பிறகு வெள்ளைக்கார ஆட்சி மதுவிலக்கை நிறுத்தி வைத்தது. சுதந்திரம் வந்த பின், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் காலத்தில், 1948 அக்டோபர் 2-ந் தேதி, காந்தி பிறந்த நாளில், சென்னை நகரம் உள்பட மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. அப்போது ராஜாஜி டில்லியில் கவர்னர் ஜெனரல்.

துறைமுகத்துப் பகுதியில் கடைகள் மூடின. ஆனால் சிலர் திருட்டுத்தனமாக ஊறல் போட்டார்கள். சிலர் மரச்சாமானுக்குப் பூசும் வார்னிஷைக் குடித்தார்கள். மெத்தனால் என்ற விஷச் சாராயம் வயிற்றில் போனால் உடம்பு அதை அமிலமாக மாற்றுகிறது. முதலில் கண் போகும். பிறகு உயிர் போகும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டது இதனால்தான்.

சட்டம் கடையை மூடும். குடிக்கு அடிமையான மனிதனின் நடுக்கத்தை அது நிறுத்தாது. நெடுநாள் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், தூக்கம் போகும், சிலருக்கு வலிப்பும் சித்தப்பிரமையும் வரும். இது திமிர் அல்ல, வியாதி. வைத்தியம் உண்டு. சேலத்தில் கடை மூடுவதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1935-ல், அமெரிக்காவில் இரண்டு குடிகாரர்கள் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு குடியை விட்டார்கள். அப்படி உண்டான பெயர் சொல்லாக் குடிகாரர் சங்கம் உலகெங்கும் பரவியது. குடிப்பவருடைய மனைவி மக்களுக்கும் தனிக் கூட்டங்கள் உண்டாயின. இன்று கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையிலும் இதற்குச் சிகிச்சை தருகிறார்கள். 14446 என்ற எண்ணுக்கு இலவசமாகப் பேசி வழி கேட்கலாம். கஞ்சாவிலும் மாத்திரையிலும் சிக்கிய பிள்ளையைப் பெற்றவர்களும் கேட்கலாம். ராஜாஜி காலத்தில் இந்த வசதி இல்லை.

மழையில் வந்த கிழவர்

1971. ராஜாஜிக்கு வயது 92. தமிழ்நாட்டில் மதுவிலக்கைத் தள்ளிவைக்க அரசு முடிவு செய்தது. பக்கத்து ராஜ்யங்களில் கடை திறந்திருக்கிறது, இங்கே மட்டும் வருமானத்தை இழப்பதா என்பது அரசின் வாதம். 1937-ல் கேட்ட அதே கேள்வி!

ராஜாஜி கோபாலபுரத்துக்குப் புறப்பட்டார். கொட்டும் மழை. முதல் மந்திரி கருணாநிதியின் வீட்டுக்குப் போய், வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நாலு ஆண்டுகளுக்கு முன் அந்தக் கட்சி பதவிக்கு வரத் தோள் கொடுத்தவர் அவர். முதல் மந்திரி மரியாதையோடு வரவேற்றார், மரியாதையோடு அனுப்பினார். ஆகஸ்டு 30-ந் தேதி மதுவிலக்கு தள்ளிவைக்கப்பட்டது. கடைகள் திறந்தன.

1972 டிசம்பர் 25-ந் தேதி, சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள பொது மருத்துவமனையில் ராஜாஜி காலமானார். 1974-ல் அதே கருணாநிதி ஆட்சி மதுவிலக்கைத் திரும்பக் கொண்டுவந்தது. அதைப் பார்க்கக் கிழவர் இல்லை. 1981-ல் மறுபடி கடைகள் திறந்தன. 2003 முதல் சில்லறை விற்பனையையும் அரசாங்கமே டாஸ்மாக் மூலம் நடத்தி வருகிறது.