சபாநாயகர் கானன்

ஜனப்பிரதிநிதிகள் கூடும் சபையில் ஒருவர் சர்வாதிகாரியாவதற்குச் சட்டத்தை மீறவேண்டிய அவசியமில்லை. சபையின் விதிகளே அவருக்கு வேண்டிய ஆயுதங்களை அளித்துவிடக்கூடும். அவ்வாறு அளித்த அதிகாரத்தைச் சபையே திரும்பப் பெற்ற வரலாறு, அமெரிக்கப் பிரதிநிதி சபையின் தலைவராக 1903 முதல் 1911 வரை வீற்றிருந்த ஜோஸப் கானனுடைய சரித்திரமாகும். அரசியலில் உழைப்போர் அறிந்துகொள்ளத்தக்க சரித்திரம் அது.

கானன் 1836-ம் வருஷம் மே மாதம் 7-ந் தேதி வட கரோலினா ராஜ்யத்தில் ஒரு குவேக்கர் குடும்பத்தில் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே பெற்றோருடன் இந்தியானாவுக்குக் குடியேறினார். கிராம வைத்தியராயிருந்த தந்தை, 1851-ல் நோயாளி ஒருவரைப் பார்க்கச் செல்லுகையில் வெள்ளத்தில் மூழ்கி இறந்தார். குடும்பபாரம் சிறுவன் மேல் விழுந்தது. கடைச் சிப்பந்தியாக உழைத்து, பின்னர் சட்டம் பயின்று, இல்லினாய்ஸில் வக்கீலானார். 1872-ல் ரிபப்ளிகன் கட்சியின் சார்பில் பிரதிநிதி சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இரு தேர்தல்களில் தோல்வியுற்று நான்கு வருஷம் வெளியிலிருந்தது நீங்கலாக, 1923 வரை 46 வருஷங்கள் அச்சபையில் பணியாற்றினார்.

செலவு மானியக் கமிட்டியின் தலைவராயிருந்தபோது அவருடைய செல்வாக்கு உயர்ந்தது. 1898-ல் ஸ்பெயினுடன் யுத்தம் நெருங்கிய சமயம், ஜனாதிபதி மக்கின்லியின் விருப்பப்படி 5 கோடி டாலர் மசோதாவை அவரே கொண்டுவந்தார். சபையில் எதிர்ப்பே இல்லாமல் அது நிறைவேறிற்று. ஐந்து வருஷங்களுக்குப் பின் சபாநாயகர் பதவி அவரை வந்தடைந்தது.

அப்பதவியின் பலம் எத்தகையது? எந்தக் கமிட்டியில் எந்த அங்கத்தினர் அமர்வது என்பதைச் சபாநாயகரே நிர்ணயிப்பார். யாரைப் பேச அனுமதிப்பது என்பதும் அவர் இஷ்டம். எந்த மசோதா எப்பொழுது விவாதத்திற்கு வரலாமென்று வகுக்கும் விதிக் கமிட்டியில் ஐவரே இருந்தனர். அதற்கும் சபாநாயகரே தலைவர். அவர் தேர்ந்த கட்சித் தோழர் இருவர் உடனிருக்க, அவர் நினைத்ததே முடிவு. ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் அவருடைய கட்சியினரேயாயினும், அவர் விரும்பிய சீர்திருத்தங்கள் பல கானனின் வாயிலில் தேங்கி நின்றன. மெஜாரிட்டிக் கட்சியே ஆளவேண்டும், கட்சிக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்பது கானனின் கொள்கை. கட்டுப்பாட்டை மீறியவர்கள் கமிட்டித் தலைமையை இழந்தனர்.

தண்டிக்கப்பட்டோரின் மனக்குறை புரட்சியாக மூண்டது. 1910 மார்ச் 17-ந் தேதி, நெப்ராஸ்காவின் ஜார்ஜ் நாரிஸ் என்னும் ரிபப்ளிகன் அங்கத்தினர் ஒரு தீர்மானத்தைப் பிரேரேபித்தார். விதிக் கமிட்டியின் எண்ணிக்கை பெருகவேண்டும், அதனைச் சபையே தேர்ந்தெடுக்கவேண்டும், சபாநாயகர் அதில் இடம்பெறலாகாது என்பதே அதன் சாரம். தன் விதிகளைத் தானே வகுக்கும் உரிமையை அரசியல் சட்டம் சபைக்கு அளித்திருப்பதை அவர் ஆதாரமாகக் கொண்டார். கானன் தீர்ப்பை ஒத்திவைத்தார். இரவு முழுதும் விவாதம் நீடித்தது. 19-ந் தேதி அத்தீர்மானம் ஒழுங்குக்கு விரோதமானதென்று தீர்ப்பளித்தார். சபை அத்தீர்ப்பை நிராகரித்து, 156 வோட்டுக்களுக்கு எதிராக 191 என்ற கணக்கில் தீர்மானத்தை நிறைவேற்றிற்று.

அதன்பின் கானன் செய்தது கவனிக்கத்தக்கது. தம்மைப் பதவியிலிருந்து நீக்கும் பிரேரணையைக் கொண்டுவரலாமென்று அவரே சபையை அழைத்தார். டெமாக்ரடிக் கட்சியினர் ஒருவர் அதனைக் கொண்டுவந்தார். ஆனால் கிளர்ச்சி செய்த ரிபப்ளிகன்களில் பெரும்பாலோர் அதனை ஆதரிக்க மறுத்தனர், பிரேரணை தோற்றது. அவர்கள் எதிர்த்தது பதவியில் குவிந்த அதிகாரத்தையே, மனிதரையன்று.

அவ்வருஷத் தேர்தலில் டெமாக்ரடிக் கட்சி வென்றது. 1911-ல் கானன் ஆசனத்தை விட்டு இறங்கினார். 1912-ல் தம் தொகுதியையும் இழந்தார். எனினும் சோர்வடையாமல் 1915-ல் மீண்டும் சபைக்குத் திரும்பி, சாதாரண அங்கத்தினராய் எட்டு வருஷம் உழைத்தார். 1926 நவம்பர் 12-ந் தேதி, தமது தொண்ணூறாவது வயதில், டான்வில் நகரில் காலமானார். வாஷிங்டனில் பிரதிநிதிகளின் காரியாலயக் கட்டிடமொன்று 1962 முதல் அவர் பெயரைத் தாங்குகிறது.

சபாநாயகரிடமிருந்து பறித்த அதிகாரம், பின்னர் நீண்டகால அநுபவம் ஒன்றையே தகுதியாகக் கொண்ட கமிட்டித் தலைவர்களிடம் போய்ச் சேர்ந்தது. ஒரு பீடத்தை உடைத்ததால் மட்டும் சுதந்திரம் நிலைத்துவிடாது. உடைந்த பீடத்தின் கற்கள் எங்கே செல்கின்றனவென்று பிரதிநிதிகள் விழித்திருந்து நோக்கவேண்டும்.