கேட்டதைப் பகிர்ந்த தமிழ்ப் பெருமகனார்: அத்தியட்சர் அசரியா

வள்ளுவப் பெருந்தகை கல்வியின் சிறப்பை ஓர் அதிகாரத்தில் விளக்கினார். கல்லாமையின் இழிவை அடுத்த அதிகாரத்தில் உரைத்தார். அதன்பின் கேள்வி என்னும் அதிகாரத்தை வைத்தார். அவ்வைப்பு முறையிலே பேரருள் ஒன்று பொதிந்து கிடக்கிறது. ஏடு தொடும் பேறு பெறாதவனுக்கும் செவி உண்டு. நல்லதைக் கேட்கும் உரிமை அவனுக்கும் உண்டு. ஆயினும், கேட்ட நன்மை கேட்டவனோடு நின்றுவிட்டால் விளைவது யாது? வரத்துக்கால் வழியே நீர் வந்துகொண்டிருந்தும் மடை திறவாத குளம் பாசி படர்ந்து போகும். அதன் கீழுள்ள வயலும் காயும். நாள்தோறும் கேட்க வேண்டும், கேட்டதைப் பிறர்க்கு வழங்க வேண்டும் என்னும் இவ்வுண்மையைத் தம் வாழ்வின் நெறியாகக் கொண்டு, எழுத்தறியாத பல்லாயிரவரைக் கேட்போராகவும் சொல்வோராகவும் ஆக்கிய தமிழர் ஒருவர் உண்டு. அவரே அத்தியட்சர் வேதநாயகம் சாமுவேல் அசரியா.

நாம் வாழும் இக்குடியிருப்பு சரோஜினி நாயுடு அம்மையாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவ்வம்மையார் 1879-ஆம் ஆண்டில் பிறந்த ஐதராபாத்து, அந்நாளைய நிஜாம் அரசின் தலைநகரம். அவ்வரசின் கிழக்குப் பகுதியில் தோர்ணக்கல் என்றோர் ஊர் இருக்கிறது. கோடை விடுமுறையில் பிள்ளை குட்டிகளுடன் சென்னைக்குப் புகைவண்டி ஏறும் நம்மவர், வாரங்கலுக்கும் விஜயவாடாவுக்கும் இடையே அவ்வூர்ச் சந்திப்பைக் கடந்தே செல்கின்றனர். பெயர்ப்பலகையைக் கண்டும் அங்கே ஒரு திருநெல்வேலித் தமிழர் துயில்கிறார் என்பதை அறிந்தவர் நம்முள் மிகச் சிலரே. அக்குறை நீங்கவே இச்சிறு வரலாறு ஈண்டு எழுதப்படுகிறது.

பிறப்பும் இளமையும்

திருநெல்வேலிச் சீமையில் பனைகள் சூழ்ந்த சிற்றூர் வெள்ளாளன்விளை. அவ்வூரிலே 1874-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 17-ஆம் நாள் அசரியா பிறந்தார். தந்தையார் தாமஸ் வேதநாயகம், அவ்வூர்ச் சபையின் குருவானவர். பள்ளி மாணவராக இருந்தபோதே கிறிஸ்தவ நெறியைத் தழுவியவர். அன்னையார் எலன் அம்மையார், ஆண் மகவு வேண்டி நெடுங்காலம் தவங்கிடந்து பெற்ற பிள்ளை ஆதலின், திருமறையில் அவ்வாறே பிறந்த சாமுவேலின் பெயரை அவருக்குச் சூட்டினார்.

அக்காலத்துத் திருநெல்வேலிக் கிறிஸ்தவ ஊர்களில் ஆலய மணியே கடிகாரம். மணி ஒலித்ததும் பனையேறியும், வேளாண் தொழிலாளியும், குழந்தையை இடுப்பில் ஏந்திய தாயும் ஆலயத்தில் கூடுவர். திருமறை வாசிக்கப்படும், ஞானப்பாட்டுப் பாடப்படும், செபம் நிகழும். எழுத்தறியாத முதியோரும் வேத வசனங்களை மனப்பாடமாகச் சொல்வர். இச்சூழலில் வளர்ந்த சிறுவரின் உள்ளத்திலே, நாள்தோறும் கேட்டலே ஒரு சமுதாயத்தை உருவாக்கும் என்ற உண்மை ஆழப் பதிந்தது. பின்னாளில் வேற்று நாட்டில் அவர் செய்த அரும்பணிக்கு வித்து இதுவே.

மெஞ்ஞானபுரத்திலும் திருநெல்வேலியிலும் பயின்ற பின், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்து கணிதம் கற்றார். பட்டத் தேர்வு நெருங்கிய வேளையில் நோய்வாய்ப்பட்டமையால் தேர்வு எழுதவில்லை, பட்டமும் பெறவில்லை. பட்டமின்றி வெளியேறிய அவருக்கே 1920-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜுப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் அளித்துத் தன்னைப் பெருமைப்படுத்திக்கொண்டது.

1895-ஆம் ஆண்டில் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் செயலாளராகப் பணி ஏற்றுத் தென்னாடு எங்கும் சுற்றினார். 1898-இல் அன்பு மரியம்மாளை மணந்தார். தென்னிந்தியப் பெண்டிருள் கல்லூரிப் படி ஏறிய முன்னோடிகளில் ஒருவர் அவ்வம்மையார். வரதட்சிணை வாங்காமலும் ஆடம்பரம் இல்லாமலும் நிகழ்ந்தது அத்திருமணம். பெண்ணைப் பெற்றோர் கடன்பட்டு நொந்த அந்நாளில் அது சிறிய செயலன்று.

நாணம் தந்த நல்வழி

1902-ஆம் ஆண்டு அசரியா யாழ்ப்பாணம் சென்றார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர், தொகையிற் சிறியவராயினும், தம் சொந்தப் பணத்தைத் திரட்டிக் கடல் கடந்து தமிழ்நாட்டுக்கு ஊழியரை அனுப்பி வருவதைக் கண்டார். கண்டதும் அவர் நெஞ்சு நாணியது. பாளையங்கோட்டையில் கிளாரிந்தா அம்மையார் 1785-இல் சிற்றாலயம் எழுப்பிய நாள் முதல் நூறாண்டுக்கும் மேலாகத் திருநெல்வேலிச் சபை நற்செய்தியைக் கேட்டு வந்தது. ஆலயங்கள் உயர்ந்தன, பள்ளிகள் பெருகின. ஆயினும், தாம் கேட்ட நற்செய்தியை அயல்மொழி பேசும் மக்களுக்குச் சொல்லத் தம் பொருளில் ஒருவரை அனுப்பும் அமைப்பு அச்சபைக்கு இல்லை. பிறர் கொடுக்க வாங்கிய கை, பிறர்க்குக் கொடுக்க நீளவில்லை. கேள்வி இருந்தது, ஈகை இல்லை.

ஊர் திரும்பிய அசரியா வாளாவிருக்கவில்லை. 1903-ஆம் ஆண்டு பெப்ரவரி 12-ஆம் நாள் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. ஆளும் பொருளும் ஆட்சியும் இந்தியருடையனவாகவே இருத்தல் வேண்டும் என்பது அச்சங்கத்தின் கொள்கை. சங்கம் தேர்ந்த களம் தோர்ணக்கல். 1905-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் திருநாளன்று, வங்கத்துச் சீராம்பூரில், வில்லியம் கேரியின் நினைவு கமழும் இடத்திலே, இந்தியா முழுமைக்குமான தேசிய மிஷனெரி சங்கம் நிறுவப்பட்டது. அதன் தோற்றத்திலும் அசரியாவுக்குப் பெரும் பங்கு உண்டு.

அனுப்பியவரே சென்றார்

இளைஞர்களை நோக்கி, வேற்று நாடு சென்று தொண்டு செய்யுங்கள் என்று மேடைதோறும் முழங்கியவர் அசரியா. ஒரு கட்டத்தில் அவ்வினா அவரையே நோக்கித் திரும்பியது. பிறரைப் போகச் சொல்லும் நான் ஏன் போகவில்லை? இவ்வினாவுக்கு வாயால் விடை கூறாது காலால் விடை கூறினார். 1909-ஆம் ஆண்டில் புகழும் வசதியும் மிக்க வாலிபர் சங்கப் பதவியைத் துறந்து, குருப்பட்டம் பெற்று, மனைவி மக்களுடன் தோர்ணக்கல் சேர்ந்தார். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது. அவ்வயதில் ஒரு மாணவனைப் போல அமர்ந்து தெலுங்கு எழுத்துகளைக் கற்றார். கேட்போரின் மொழியில் பேசாதவன் பேசியும் பேசாதவனே என்பது அவர் கருத்து. நடுவயதில் தில்லி வந்து, அலுவலகத்திலும் அங்காடியிலும் இந்தி பேசத் தடுமாறிய நம்மனோர்க்கு அம்முயற்சியின் அருமை நன்கு விளங்கும்.

1910-ஆம் ஆண்டில் எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. அங்கே அசரியா, இந்தியாவுக்கு வரும் மேனாட்டு ஊழியர் தியாகம் செய்கின்றனர், உழைக்கின்றனர், பொருளும் வழங்குகின்றனர். ஆயினும் இந்தியரைச் சமமாக மதித்து நட்புக் கொள்வோர் அரியர் என்பதை அஞ்சாது எடுத்துரைத்தார். எங்களுக்கு வேண்டுவது நண்பர்களே என்ற பொருள்பட அவர் உரையை முடித்தபோது அவை கலங்கியது. சிலர் சினந்தனர்; பலர் சிந்தித்தனர். நற்செய்தி என்பது மேலே நிற்பவன் கீழே நிற்பவனுக்கு எறியும் பொருளன்று. அருகில் அமர்ந்து பகிரும் உணவு என்பதே அவ்வுரையின் உட்கருத்து.

1912-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள், கல்கத்தாப் புனித பவுல் பேராலயத்தில் அவர் தோர்ணக்கல் அத்தியட்சராக அருட்பொழிவு பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அத்தியட்சர் பதவி பெற்ற முதல் இந்தியர் அவரே. வெள்ளையர் சிலர் அதனை விரும்பவில்லை. இந்தியர் சிலரும் ஐயுற்றனர். அத்தனை ஐயங்களுக்கும் அவருடைய உழைப்பே விடையாயிற்று.

இரவு விளக்கும் தலைமேல் கையும்

தோர்ணக்கல் நாட்டில் அவரை நாடி வந்தோருள் மிகப் பெரும்பாலோர் மாலர், மாதிகர் எனப்பட்ட தாழ்த்தப்பட்ட மக்கள். நிலமற்ற கூலிகள், எழுத்தறியாதவர், ஊர்ப் பொதுக் கிணற்றையும் நெருங்க விடப்படாதவர். பகலெல்லாம் வயலில் உழைத்தோர்க்குக் கேட்கும் நேரம் இரவே. ஆகவே இரவில் விளக்கேற்றி, ஊர்தோறும் அமர்த்தப்பட்ட உபதேசியார் அவர்களைக் கூட்டுவார். ஒரு வரியை அவர் சொல்ல, எல்லோரும் திருப்பிச் சொல்வர். விசுவாசப் பிரமாணம், கர்த்தர் கற்பித்த செபம், பத்துக் கற்பனைகள், திருமறைக் கதைகள் ஆகியவை இவ்வாறு நெஞ்சில் ஏறின. தெலுங்குக் கீர்த்தனைகளைத் தாளத்தோடு பாடவும், திருநாள்களை ஊர்வலத்தோடும் மேளத்தோடும் கொண்டாடவும் அசரியா ஊக்குவித்தார். மண்ணின் இசையில் கேட்டது மறவாது என்பதை அவர் அறிந்திருந்தார். மாட்டுவண்டியிலும் மிதிவண்டியிலும் ஊர் ஊராகச் சென்று, அம்மக்கள் கற்றதைத் தாமே கேட்டறிவார்.

கேட்டலோடு அவர் நின்றாரல்லர். புதிதாகச் சபையில் சேர்வோரைத் தம் கையைத் தம் தலைமேல் வைக்கச் செய்வார். நற்செய்தியைப் பிறர்க்கு அறிவியாதிருப்பின் தமக்குக் கேடு என்ற திருத்தூதர் பவுலின் கருத்தை அவர்தம் வாயாலேயே சொல்லச் செய்வார். நேற்றுவரை ஊரார் முன் தலைநிமிர்ந்து நிற்க அஞ்சிய கூலித் தொழிலாளி, இன்று உலகுக்குச் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று தன்னிடம் உண்டு என்று உணர்ந்தான். கேட்பவனாக மட்டும் இருந்தவரை அவன் இரப்பவன். சொல்பவனாக ஆனபோது அவன் வழங்குபவன். அத்தலைமேல் வைத்த கை அவனுக்கு முடி சூட்டிய கை என்பது மிகையாகாது.

ஆண்டுதோறும் சாட்சி வாரம் என ஒரு வாரத்தை ஒதுக்கி, குருமார் மட்டுமின்றி ஆடவரும் பெண்டிரும் அயலூர்களுக்குச் சென்று பாடியும் பேசியும் வர ஏற்பாடு செய்தார். வாயின் சொல்லினும் வாழ்வின் மாற்றமே உரக்கப் பேசிற்று. குடியை விட்டவர், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியவர் ஆகியோரைக் கண்டு, உயர்சாதியினர் எனப்பட்டோர் சிலரும் அந்நெறியை நாடி வந்தனர்.

இடர் இல்லாமல் இல்லை. மாலரும் மாதிகரும் தமக்குள்ளே ஒருவர் கையில் ஒருவர் நீர் வாங்காதவர். ஒரே கிண்ணத்தில் திருவிருந்து அருந்த வேண்டும் என்று அசரியா உறுதியாக நின்றார். ஆயினும் சாதி என்னும் வேரை அவர் முற்றும் அகழ்ந்துவிட்டார் எனக் கூறுதல் பொருந்தாது. அவ்வேர் இன்றும் நம்மிடையே இருக்கிறது. கேட்டதைச் சொல்வது ஒரு பாதி. கேட்டதன்படி நடப்பது மறுபாதி. இரண்டாவது பாதி எந்நாளும் கடினமே.

பிடியரிசியும் பேராலயமும்

ஏழை என்பதற்காக எவரும் கொடுக்காமல் இருத்தல் தகாது என்பது அசரியாவின் கொள்கை. உலையில் இடும் அரிசியில் ஒரு பிடியைப் பெண்டிர் தனியே எடுத்து வைப்பர். அது சபைக்கு உரியது. கிறிஸ்தவ ஈகையைப் பற்றி அவர் எழுதிய நூல் பிற மொழிகளிலும் பெயர்க்கப்பட்டது. அன்பு மரியம்மாள் கிராமப் பெண்டிரிடையே தொண்டாற்றி, கணவர்க்கு இணையாக உழைத்தார்.

1939-ஆம் ஆண்டு சனவரி 6-ஆம் நாள் தோர்ணக்கல் பேராலயம் திறக்கப்பட்டது. மசூதியின் குவிமாடமும், கோயிலின் தூணும், தாமரை மலரின் செதுக்கலும் அதில் ஒருங்கே அமைந்தன. அயல்நாட்டுச் சமயம் என்று பழிக்கப்பட்ட நெறிக்கு இந்நாட்டு உருவம் கொடுத்தார் அசரியா. அவர் காலம் முடிவதற்குள் அம்மறைமாவட்டத்தில் கிறிஸ்தவர் தொகை இரண்டு இலட்சத்தைத் தாண்டியது. குருமார் நூற்றுக்கும் மேற்பட்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் இந்தியரே.

அவர் பணியை எல்லோரும் ஏற்றனர் என்பதற்கில்லை. 1930-களில் தாழ்த்தப்பட்டோர் திரளாகச் சமயம் மாறுவதைக் காந்தியடிகள் கடுமையாகக் கண்டித்தார். அம்மக்கள் தாமே கேட்டுத் தாமே தேரும் உரிமை உடையவர் என்று அசரியா கருதினார். இருவரும் நாட்டை நேசித்தவரே. இருவரும் ஒடுக்கப்பட்டோரின் கண்ணீரைக் கண்டவரே. 1932-இல் ஆங்கில அரசு வகுப்புவாரித் தொகுதிகளை அறிவித்தபோது, கிறிஸ்தவர்க்குத் தனித்தொகுதி வேண்டா என்று உரைத்தவர் அசரியா என்பதை நாம் மறத்தல் ஆகாது. தனித்தொகுதி பெற்று ஒதுங்கி வாழ்பவன் அயலானோடு எதைப் பகிர்வான்?

பிரிந்து கிடந்த சபைகளை ஒன்றாக்க 1919-ஆம் ஆண்டுத் தரங்கம்பாடி மாநாடு முதல் அவர் உழைத்தார். அவ்வுழைப்பின் பயனாகிய தென்னிந்தியத் திருச்சபை 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் சென்னையில் உதயமாயிற்று. அதனைக் காண அவர் இல்லை. 1945-ஆம் ஆண்டின் முதல் நாளன்று தோர்ணக்கலிலேயே அவர் உயிர் நீத்தார். அவர் உடல் அம்மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டது. அவர் தோற்றுவித்த இந்திய மிஷனெரி சங்கம் இன்றும் தொண்டாற்றி வருகிறது.

நமக்குரிய பாடம்

நம் சங்கத்தில் பல சமயத்தாரும் உளர். கிறிஸ்தவ அன்பர்க்கு அசரியாவின் வாழ்வு நேரே ஒரு கேள்வியை விடுக்கிறது. ஞாயிறுதோறும் ஆலயத்தில் கேட்ட நற்செய்தி, திங்களன்று நம் சொல்லிலும் செயலிலும் எங்கே இருக்கிறது? அடுத்த வீட்டார் அதை நம்மிடம் கண்டதுண்டா? பிற சமயத்தார்க்கும் அக்கேள்வி புறம்பானதன்று. திருவாசகமும் திவ்வியப் பிரபந்தமும் திருக்குறளும் கேட்டு வளர்ந்தோம்; நம் பிள்ளைகளுக்கு அவற்றைச் சொல்கிறோமா? பெற்றோரிடம் நாம் கேட்டது நம்மோடு நின்றுபோகுமாயின், அடுத்த தலைமுறைக்குத் தமிழ் ஒரு வீட்டு ஓசையாக மட்டுமே எஞ்சும்.

மாலையில் அரை நாழிகை போதும். வீட்டார் கூடி அமர்ந்து, நல்லதொன்றைப் படிக்க ஒருவர், கேட்கப் பலர், திருப்பிச் சொல்லப் பிள்ளைகள் என ஒரு வழக்கத்தை ஏற்படுத்துவோம். தோர்ணக்கல் கூலித் தொழிலாளிக்கு உழைத்துக் களைத்த இரவில் இயன்றது நமக்கு இயலாதா?

அடுத்த விடுமுறையில் நம் புகைவண்டி தோர்ணக்கல் சந்திப்பைக் கடக்கும்போது, பிள்ளைகளை எழுப்பி அப்பெயர்ப்பலகையைக் காட்டுவோம். தெற்கேயிருந்து வந்த தமிழர் ஒருவர் இம்மக்களின் மொழியைக் கற்று, இவர்களோடு அமர்ந்து, தாம் கேட்ட நல்லதை இவர்களுக்கு வழங்கி, இம்மண்ணிலேயே உறங்குகிறார் என்று சொல்லுவோம். அவ்வாறு சொல்லுவதே அப்பெருமகனார்க்கு நாம் செய்யும் சிறந்த வணக்கமாகும்.

வாழ்க அசரியாவின் திருப்பெயர்!