செங்கல் தந்த தச்சர்

பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு

தச்சர் என்றதும் நம் பள்ளி மாணவியர் அனைவருக்கும், எந்தச் சமயத்தைச் சேர்ந்தவராயினும், சிற்றாலயத்தில் நிற்கும் புனித சூசையப்பரின் சுரூபமே முதலில் நினைவுக்கு வரும். பேச்சைக் குறைத்து உழைப்பைப் பெருக்கியவர் அவர். நாம் இங்கே காணவிருப்பவரும் ஒரு தச்சரே. டென்மார்க் நாட்டில் வாழ்ந்த அவர் பெயர் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சென். இப்பெயரைக் கேள்விப்படாதவர்கள்கூட அவருடைய தொழிற்கூடத்திலிருந்து வந்த ஒரு பொருளை நன்கு அறிவர். ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும் லெகோ என்னும் பிளாஸ்டிக் செங்கல்தான் அது.

அவர் மறைந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. ஆயினும் அவருடைய செங்கற்களைக் குழந்தைகள் மட்டுமல்லர், பெரியவர்களும் தேடித் தேடிச் சேர்க்கிறார்கள். பழைய பெட்டிகளை வாங்கி, கழுவி, பழுது பார்த்து, கண்ணாடி அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறார்கள். வளர்ந்தவர்களுக்கு விளையாட்டுப் பொருள் எதற்கு என்று நம்மில் சிலர் நகைக்கலாம். அதற்கு விடை இத்தச்சரின் வாழ்க்கையிலேயே இருக்கிறது.

இளமையும் தொழிலும்

ஓலே கிர்க் 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள், ஜட்லாந்துத் தீபகற்பத்தில் ஃபில்ஸ்கோவ் என்னும் ஊரையடுத்த நாட்டுப்புறத்தில் பிறந்தார். பிள்ளைகள் பலர் கொண்ட ஏழைக் குடும்பம் அது. தம் அண்ணனிடமே தச்சுத் தொழிலைக் கற்றுக்கொண்டார். பின்னர் ஜெர்மனியிலும் நார்வேயிலும் கூலிக்கு வேலை செய்து, 1916இல் தாய்நாடு திரும்பி, பில்லுண்ட் என்ற சிற்றூரில் ஒரு தச்சுப்பட்டறையை விலைக்கு வாங்கினார். நார்வேயில் சந்தித்த ஹன்சினே என்னும் பெண்ணை அதே ஆண்டில் மணந்தார். நான்கு ஆண்மக்கள் பிறந்தனர். கோடையில் வீடு கட்டும் வேலை, குளிர்காலத்தில் மேசை நாற்காலி செய்யும் வேலை என்று குடும்பம் நடந்தது. தெய்வ பக்தியும் நகைச்சுவை உணர்வும் மிக்கவர் அவர்.

அடுக்கடுக்காய் வந்த சோதனைகள்

பட்ட காலிலே படும் என்பது நம் பழமொழி. அது இவர் வாழ்வில் மெய்யாயிற்று. 1924இல் ஒரு நாள் அவருடைய சிறு பிள்ளைகள் இருவர் பட்டறையில் விளையாடிக்கொண்டிருக்கையில் மரச்சீவல்களில் தீப்பற்றிக்கொண்டது. பட்டறையும் வீடும் சாம்பலாயின. அவர் மனம் ஒடிந்து போகவில்லை. முன்பிருந்ததைவிடப் பெரிய கட்டடத்தை எழுப்பினார். அந்த வீடு, வாசலில் இரண்டு சிங்கச் சிலைகளுடன், பில்லுண்டில் பாதுகாக்கப்பட்டு வந்திருக்கிறது.

பிறகு உலகெங்கும் பொருளாதார மந்தம் பரவியது. விளைபொருளுக்கு விலை இல்லை. குடியானவர்களிடம் காசு இல்லை. வீடு கட்டுவார் யாருமில்லை. நெடுநாள் உடன் உழைத்த ஆட்களை அவர் கண்கலங்க அனுப்ப வேண்டியதாயிற்று. 1932ஆம் ஆண்டு அன்பு மனைவி ஹன்சினேயும் இறந்துபோனார். மூத்த மகனுக்கு அப்போது வயது பதினைந்து, அதாவது இன்று நமக்குள்ள வயது. கடைக்குட்டிக்கு ஆறு. தாயில்லாத நான்கு பிள்ளைகள், வேலையில்லாத பட்டறை, அடுத்த வேளைக்கு என்ன செய்வது என்ற கவலை ஆகிய மூன்றும் ஒருங்கே அவர் தோளில் ஏறின.

வீட்டுக்கு வேண்டிய ஏணி, துணி தேய்க்கும் பலகை முதலியவற்றைச் செய்து விற்கத் தொடங்கிய அவர், மிஞ்சிய மரத்துண்டுகளில் சிறு வண்டிகளும் விலங்குகளும் செய்தார். மெல்ல மெல்ல விளையாட்டுப் பொருள்களே அவருக்கு முழுநேரத் தொழிலாயின. கடனுக்காக உடன்பிறந்தாரை அணுகியபோது, இந்த வீண்வேலையை விட்டுவிட்டு உருப்படியாக ஏதேனும் செய்யும்படி அவர்கள் அறிவுரை கூறினர். குழந்தையின் விளையாட்டு வீண்வேலை என்று அவருக்குத் தோன்றவில்லை. நாட்டில் யோ-யோ மோகம் கிளம்பியபோது ஏராளமாகச் செய்து விற்றார். மோகம் தணிந்து பட்டறையில் யோ-யோக்கள் தேங்கியதும், அவற்றை இரண்டாகப் பிளந்து பொம்மை வண்டிகளுக்குச் சக்கரமாக்கினார். 1934இல் சோஃபி என்பவரை மறுமணம் செய்துகொண்டார். அவர்களுக்கு ஒரு மகள் பிறந்தாள்.

பெயர் வந்த விதம்

தம் பொருள்களுக்கு நல்ல பெயர் சூட்ட விரும்பிய அவர் தொழிலாளர்களிடையே ஒரு போட்டி வைத்தார். வீட்டில் தயாரித்த திராட்சை மது ஒரு குப்பி பரிசு. கடைசியில் அவரே கண்டுபிடித்த பெயர்தான் வென்றது. நன்றாக விளையாடு என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து லெகோ என்று அமைத்தார். இலத்தீன் மொழியிலும் அதே ஒலியுள்ள ஒரு வினைச்சொல் உண்டு. ஒன்றுசேர்க்கிறேன், பொறுக்கி எடுக்கிறேன், படிக்கிறேன் என்னும் பொருள்களை அது தரும். தச்சர் அதை நினைத்து வைத்த பெயரன்று. ஆனால் ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கிச் சேர்க்கும் இன்றைய சேகரிப்பாளர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா?

மூன்றாவது பூச்சு

1935இல் அவர் செய்த மரவாத்து மிகவும் புகழ் பெற்றது. கயிற்றைப் பிடித்து இழுத்தால் அலகைத் திறந்து மூடிக்கொண்டே வரும். ஒவ்வொரு வாத்துக்கும் மூன்று முறை வார்னிஷ் பூசுவது பட்டறையின் வழக்கம். ஒரு நாள் மகன் காட்ஃப்ரெட், இரண்டு பூச்சோடு வாத்துகளைப் பெட்டிகளில் அடைத்து இரயில் நிலையத்துக்கு அனுப்பிவிட்டு, செலவை மிச்சப்படுத்திய மகிழ்ச்சியைத் தந்தையிடம் தெரிவித்தான். தந்தை பாராட்டவில்லை. உடனே சென்று பெட்டிகளை மீட்டுவந்து, இரவு முழுவதும் ஆனாலும் சரி, மூன்றாவது பூச்சைப் பூசிய பிறகே அனுப்ப வேண்டும் என்று கட்டளையிட்டார். அதையும் மகன் ஒருவனே செய்ய வேண்டியதாயிற்று.

வாங்கும் குழந்தைக்குப் பூச்சு இரண்டா மூன்றா என்று தெரியப் போவதில்லை. அப்படியிருக்க ஏன் இந்தக் கண்டிப்பு? நம் தையல் வகுப்பை எண்ணிப் பாருங்கள். பூவேலையின் முன்பக்கத்தைப் பார்க்குமுன் துணியைத் திருப்பி, பின்பக்கத்து முடிச்சுகளையல்லவா அருட்சகோதரியார் முதலில் பார்க்கிறார்! கண்ணுக்குத் தெரியாத இடம் ஒழுங்காக இருந்தால்தான் கண்ணுக்குத் தெரியும் இடம் நிலைக்கும். இப்பாடத்தைக் காட்ஃப்ரெட் மறக்கவில்லை. மிகச் சிறந்ததைத் தவிர வேறெதுவும் போதாது என்ற தந்தையின் கொள்கையைத் தம் கையாலேயே பலகையில் செதுக்கிப் பட்டறைச் சுவரில் மாட்டினார்.

மரத்திலிருந்து பிளாஸ்டிக்குக்கு

1942இல், டென்மார்க் ஜெர்மானியப் படைகளின் பிடியில் இருந்த காலத்தில், மீண்டும் ஒரு தீ. தொழிற்சாலை அழிந்தது. ஆண்டுக்கணக்காய்ச் சேர்த்த வரைபடங்களும் மாதிரிகளும் எரிந்தன. ஐம்பது வயதைத் தாண்டிய அவர் அப்போதும் எழுந்து நின்று தொழிற்சாலையைக் கட்டினார்.

போர் முடிந்தபின், பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் செலுத்தி வார்க்கும் இயந்திரம் ஒன்றைப் பெரும் பொருட்செலவில் வாங்கினார். அக்காலத்தில் இங்கிலாந்தில் ஹிலாரி பேஜ் என்னும் பொம்மைத் தயாரிப்பாளர் ஒன்றோடொன்று பொருந்தும் பிளாஸ்டிக் கட்டைகளைச் செய்துவந்தார். அவற்றின் மாதிரியைப் பார்த்து, சில மாற்றங்களுடன் 1949இல் ஓலே கிர்க்கின் நிறுவனமும் செங்கற்களை வெளியிட்டது. முதல் எண்ணம் பேஜ் அவர்களுடையது என்பதையும் நாம் மறைக்காமல் சொல்வதே முறை. லெகோ நிறுவனம் அவருடைய கட்டைகளுக்கான உரிமைகளை 1981இல் விலைக்கு வாங்கிக்கொண்டது.

புதிய செங்கற்கள் உடனே விலைபோகவில்லை. மரத்தின் இடத்தைப் பிளாஸ்டிக் பிடிக்காது என்று வியாபாரிகள் பலர் எண்ணினர். செங்கற்களின் உட்புறம் வெறும் கூடாக இருந்ததால், கட்டியது எளிதில் கழன்று விழுந்தது. 1955இல் வீடு, சாலை, வண்டி எல்லாம் ஒன்றோடொன்று சேரும் முறையில் ஒரு நகரத் தொகுப்பு வெளிவந்தது. 1957இல் நிருவாகப் பொறுப்பை ஏற்ற காட்ஃப்ரெட், பிடிப்புக் குறையைத் தீர்க்க முனைந்தார். செங்கல்லின் உள்ளே சிறு குழாய்களை அமைத்தால், அடுத்த செங்கல்லின் குமிழ்கள் அவற்றுக்கிடையே இறுகப் பிடித்துக்கொள்ளும் என்று கண்டனர். 1958 சனவரி 28ஆம் நாள் இதற்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தனர். அடுத்த ஆறு வாரங்களில், மார்ச்சு 11ஆம் நாள், ஓலே கிர்க் தம் 66ஆம் வயதில் காலமானார். தம் செங்கல் உலகை வெல்வதை அவர் காணவில்லை. ஆனால் அதன் வெற்றிக்குக் காரணமான குழாய்கள் வெளியே தெரியாத இடத்தில் இருப்பதைக் காணும்போது, அவையும் ஒரு மூன்றாவது பூச்சே என்று நமக்குத் தோன்றுகிறது.

பெரியவர்கள் கையில் செங்கல்

எட்டுக் குமிழ்கள் கொண்ட ஒரே நிறச் செங்கற்கள் ஆறு இருந்தால், அவற்றை 91,51,03,765 வகைகளில் சேர்க்கலாம் என்று கணித அறிஞர்கள் கண்டுள்ளனர். இத்தகைய பொருள் பெரியவர்களையும் ஈர்ப்பதில் வியப்பென்ன? 1958இல் வார்த்த செங்கல்லோடு இன்று வார்த்த செங்கல் பொருந்துகிறது. பாட்டியின் பெட்டியிலுள்ள துண்டும் பேத்தியின் பெட்டியிலுள்ள துண்டும் ஒரே சுவரில் நிற்கும்.

பழைய தொகுப்புகளைச் சேகரிப்பவர்கள் செங்கல்லைத் திருப்பிப் பார்த்தே அதன் வயதைக் கணிக்கிறார்கள். உள்ளே குழாய் இல்லையென்றால் அது மிகப் பழையது. ஓரங்களில் கதவும் சன்னலும் செருகுவதற்கான பிளவு இருந்தால் அது முதற்காலத்துச் செங்கல். 1963க்கு முன் செல்லுலோஸ் அசிடேட் என்ற பொருளால் வார்த்தவை காலப்போக்கில் நெளிந்து நிறம் மங்கியிருக்கும். அதன்பின் வந்த ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் வடிவம் மாறாமல் நிற்கும்.

பழுது பார்ப்பதும் பொறுமையான கலையே. முதலில் துண்டுகளை நிறவாரியாகவும் வடிவவாரியாகவும் பிரிக்க வேண்டும். 40 பாகை செல்சியசுக்கு மேற்படாத வெதுவெதுப்பான நீரில் சிறிது சோப்புக் கரைத்து, மென்மையான தூரிகையால் தேய்த்து, துணிமேல் பரப்பி நிழலில் உலர்த்த வேண்டும். கொதிநீரில் இட்டால் துண்டுகள் உருக்குலையும். ஒட்டுப்படங்களுள்ள துண்டுகளை நனைக்காமல் துடைத்தெடுக்க வேண்டும். வெயில் பட்டு மஞ்சளான வெள்ளைச் செங்கற்களைச் சிலர் ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசலில் இட்டு வெளுக்கச் செய்கிறார்கள். அது தோலையும் கண்ணையும் புண்ணாக்கும் மருந்து, மாணவியர் தொடக்கூடாது. வெளுத்தது மீண்டும் மஞ்சளாவதும் உண்டு. ஆகவே வயதின் நிறத்தை அப்படியே விட்டுவிடுவதே நேர்மை என்பாரும் உளர். காட்சிக்கு வைக்கும்போது நேர்வெயில் படாத இடமும் தூசு புகாத கண்ணாடிக் கதவும் வேண்டும். கட்டும் முறையைக் காட்டும் பழைய தாளையும் கிழியாமல் காக்க வேண்டும். அது இல்லையேல் நூற்றுக்கணக்கான துண்டுகள் வெறும் குவியலே.

பில்லுண்டில் 2017இல் திறக்கப்பட்ட லெகோ இல்லத்தில் நிறுவனத்தின் வரலாறும் பழைய தொகுப்புகளும் காட்சிக்கு வைக்கப்பட்டன. பெரியவர்கள் தம் கையால் படைத்தவற்றுக்கென்றே அங்கு ஒரு கூடமும் அமைக்கப்பட்டது. 2020முதல் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று குறித்தே அந்நிறுவனம் தொகுப்புகளை வெளியிட்டது.

நாம் கற்க வேண்டியது

பத்தாம் வகுப்பு வந்ததும் நம் விளையாட்டுப் பொருள்கள் பரணுக்குப் போகின்றன. சில பழைய பேப்பர்க்காரரிடமே போய்விடுகின்றன. படிப்புக் காலத்தில் அவை ஓய்வெடுப்பது நல்லதுதான். ஆனால் குழந்தைமைக்கு உரியவை எல்லாம் குப்பைக்கு உரியவை என்று எண்ணுவது தவறு. கிறிஸ்துமசு வந்தால் உடைந்த குடில் சுரூபத்துக்கு ஒட்டுப் போட்டு வண்ணம் தீட்டும் பெரியவர்களை நாம் குழந்தைகள் என்று நகைப்பதில்லையே! காணாமற்போன ஒரு சிறு துண்டுக்காக மாதக்கணக்கில் தேடும் சேகரிப்பாளரும் அத்தகையவரே. பிறர் செய்த நல்ல வேலையை மதித்து, அதற்குத் தம் உழைப்பால் இன்னும் ஒரு பூச்சுப் பூசுகிறார் அவர். முதலில் அது நன்றாகச் செய்யப்பட்டிராவிட்டால் மீட்பதற்கு என்ன மிஞ்சியிருக்கும்?

தோழியரே! இரண்டு தீ, மனைவியின் மறைவு, வறுமை, உறவினரின் ஏளனம் ஆகிய எல்லாவற்றையும் தாங்கி ஒரு நாட்டுப்புறத் தச்சர் உலகுக்கு ஒரு சின்னஞ்சிறு செங்கல்லை விட்டுச் சென்றார். நம் கையில் இருப்பது பாடக் குறிப்பேடாக இருக்கலாம், தையல் ஊசியாக இருக்கலாம், வீட்டில் அம்மாவுக்குச் செய்யும் சிற்றுதவியாக இருக்கலாம். எதுவாயினும், யாரும் பார்க்காத அந்த மூன்றாவது பூச்சை மறவாமல் பூசுவோமாக!